அத்தானின் வலது கையும் விபத்து வழக்கும்: எந்த வக்கீலிடம் போவது?

தம்பி கேட்டிருப்பது இதுதான். அவருடைய அத்தான் வீரவநல்லூர்க்காரர், மர ஆசாரி, வயது 34. மூன்று மாதத்துக்கு முன் சேரன்மகாதேவியில் ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு பைக்கில் திரும்பும்போது எதிரே தப்பான பக்கம் ஏறி வந்த ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வேன்) இடித்து, வலது மணிக்கட்டு நொறுங்கி பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வார்டுக்கே ஒருவர் வந்து, மெட்ராஸ் வக்கீல் மூலம் பெரிய தொகை வாங்கித் தருகிறோம், கைக்காசு எதுவும் வேண்டாம், வருகிற பணத்தில் 25 சதவீதம் கொடுத்தால் போதும் என்று சொல்லி வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் பத்திரத்தில்) கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு தகவல் எதுவும் இல்லை. அந்த ஆளை நம்பலாமா, உள்ளூர் வக்கீலைப் பார்ப்பதா, அத்தானின் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதே அதனால் கேஸ் நிற்காதா, இவ்வளவும் கேள்வி. நான் வக்கீல் இல்லை. பாளையங்கோட்டையில் 26 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், தூக்கிச் சுமந்த கட்டுகளில் பாதிக்கு மேல் விபத்து கேஸ் கட்டுகள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த வக்காலத்து. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்பட வேண்டாம், வக்கீலை மாற்றிக்கொள்ளும் உரிமை கட்சிக்காரருக்கு எப்போதும் உண்டு. ஆனால் கேஸ் ஏற்கெனவே எங்கேயாவது தாக்கல் ஆகிவிட்டதா என்று இன்றைக்கே பாருங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் அத்தானின் பெயரைப் போட்டு சென்னை, திருநெல்வேலி இரண்டு மாவட்டத்திலும் தேடலாம். தாக்கல் ஆகவில்லை என்றால், 'என் சார்பில் வழக்குப் போட வேண்டாம், என் காகிதங்களைத் திருப்பிக் கொடுங்கள்' என்று அந்த வக்கீலுக்கு போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாக்கல் ஆகியிருந்தால் மாற்று வக்காலத்து போட வேண்டும், அதைப் புது வக்கீல் பார்த்துக்கொள்வார். ஒரே விபத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு மனு போய்விட்டால் அது பெரிய தலைவலி, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். ஃபீஸ் பாக்கி இருக்கிறது, கட்டைத் தர மாட்டேன் என்று யாராவது சொன்னால், அப்படிப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது.

இன்னொன்று, நாள் கணக்கு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று 166-ஆம் பிரிவில் சேர்த்தார்கள், 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயிருக்கின்றன, அதை நம்பி யாரும் காலம் கடத்த வேண்டாம். உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. தாராளமான நேரம்தான், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்க நேரமில்லை. போலீஸே விபத்து பற்றி 48 மணி நேரத்தில் ஒன்று, 50 நாளில் ஒன்று, 90 நாளில் ஒன்று என்று அறிக்கை அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கிற தீர்ப்பாயத்துக்கு அது போகும். அது பாட்டுக்குப் போகட்டும், நம் மனுவை நாம் போடுவோம்.

சரி, மெட்ராஸா, உள்ளூரா? சட்டப்படி விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், இதில் எங்கே வேண்டுமானாலும் மனு போடலாம். இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை சென்னையில் இருக்கிறது என்ற ஒரு கயிற்றைப் பிடித்துத்தான் நம் ஊர் கேஸ்களை அங்கே இழுத்துக்கொண்டு போகிறார்கள். அது சட்ட விரோதம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அத்தான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும், கைக்கு ஆபரேஷன் செய்த டாக்டரோ மெடிக்கல் போர்டு (ஊனம் எவ்வளவு என்று சொல்கிற டாக்டர்கள் குழு) காகிதமோ வர வேண்டும், வேலை கொடுத்த வீட்டுக்காரர் வந்து 'ஆமா, இவர்தான் என் வீட்டுக்குக் கதவு நிலை செய்தார், இவ்வளவு கூலி கொடுத்தேன்' என்று சொல்ல வேண்டும். சேரன்மகாதேவியில் வீடு கட்டினவர் அம்பாசமுத்திரத்துக்கு வருவார், பாளைக்கு வருவார். ராத்திரி ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவாரா? வர மாட்டார். அந்த சாட்சி இல்லாமலே கேஸ் முடியும், வருமானம் தீர்ப்பாயம் உத்தேசமாகப் போடுகிற தொகையில் நிற்கும். அம்பாசமுத்திரம் சார்பு நீதிமன்றமோ பாளையங்கோட்டை கோர்ட் வளாகமோ, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் அன்றே திரும்பக்கூடிய இடத்தில் கேஸ் இருக்கட்டும். வாய்தாவுக்கு வாய்தா போய்ப் பார்க்கிற கட்சிக்காரனின் கேஸுக்கும் போகாதவன் கேஸுக்கும் வித்தியாசத்தை 26 வருடம் கண்ணால் பார்த்தவன் நான்.

எந்த உள்ளூர் வக்கீல் என்று பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்கிறேன். முதல் நாள் நீங்கள் போய் உட்கார்ந்ததும் அவர் எதைக் கேட்கிறார் என்று கவனியுங்கள். எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா, எந்தக் கம்பெனி இன்சூரன்ஸ், இதை எல்லாரும் கேட்பார்கள். 'என்ன வேலை பார்க்கிறீர்கள், இழைப்புளியை எந்தக் கையால் பிடிப்பீர்கள், இப்போது அந்தக் கையால் என்ன செய்ய முடிகிறது, என்ன முடியவில்லை' என்று கேட்கிறாரா? அப்படிக் கேட்கிறவரிடம் கட்டைக் கொடுங்கள். 'எல்லாம் நான் பார்த்துக்கிடுதேன், நீங்க போங்க' என்று வாசல் வரை வந்து வழியனுப்புகிறவரிடம் வேண்டாம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் வீட்டில் நடந்தது. என் பெரியம்மா மகள், முக்கூடலில் பீடி சுற்றுகிறவர். நான் கோர்ட் வாசலை மிதிக்கும் முன்னால், ரோட்டோரம் நடந்து போனவரை ஒரு வேன் தட்டிவிட்டுப் போனது. வலது கைப் பெருவிரல் விறைத்து மடங்காமல் போய்விட்டது. பீடி சுற்றத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பெருவிரல் இல்லாமல் இலையை உருட்ட முடியாது, மடக்கிக் கொடுக்க முடியாது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றினவர் இருநூறுக்கு வந்து, அப்புறம் தட்டையே தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். அவருக்காக ஆஜரான வக்கீல் மனுவில் தொழில் என்ற இடத்தில் 'குடும்பப் பெண்' என்று எழுதியிருந்தார். பீடி கம்பெனி பாஸ்புக் டிரங்குப் பெட்டியில் இருந்தது, பி.எஃப். பிடித்த சீட்டும் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அக்காவுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லை. ஒரு சதவீத ஊனத்துக்கு இவ்வளவு என்று பெருக்கி ஒரு தொகை வந்தது, அதில் பாதி செலவுக்கே போனது. நான் பிறகு குமாஸ்தாவாகச் சேர்ந்து அந்தத் தீர்ப்பு நகலை எடுத்துப் படித்தபோது, பெருவிரலைப் பற்றி ஒரு வரி இருந்தது, பீடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கணக்கை உங்களுக்குப் புரியும்படி போட்டுக் காட்டுகிறேன், இதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமான இடம். காயம்பட்ட கேஸில் நிரந்தர ஊனத்துக்குப் பணம் கணக்கிட நம் பக்கம் இரண்டு வழி உண்டு. ஒன்று, சதவீதக் கணக்கு. மெடிக்கல் போர்டு 15 சதவீதம் ஊனம் என்று சொன்னால், ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் 75,000 ரூபாய், முடிந்தது. இரண்டாவது, பெருக்கல் முறை. வருமானம் ஈட்டும் திறன் எவ்வளவு போய்விட்டது என்று பார்த்து, வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவது. அந்த எண்களை 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அட்டவணையாகவே கொடுத்துவிட்டது: 31 முதல் 35 வயது வரை 16, 36 முதல் 40 வரை 15, இப்படி வயது ஏற ஏறக் குறையும். 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில், சுயதொழில் செய்கிறவர்களுக்கும் 40 வயதுக்குக் கீழே இருந்தால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்றார்கள். அது சாவு கேஸுக்கு மட்டும்தான் என்று இன்சூரன்ஸ் வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள், காயத்துக்கும் உண்டு என்று 2020-ல் தெளிவாகிவிட்டது.

இப்போது அத்தானை எடுத்துக்கொள்வோம். மாதம் 15,000 ரூபாய் வருமானம் என்று நிரூபித்துவிட்டோம் என்று வையுங்கள். வருடத்துக்கு 1,80,000. அதில் 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. வயது 34, அதனால் 16-ஆல் பெருக்கினால் 40,32,000. போர்டு சொன்ன ஊனம் 15 சதவீதம்தான், ஆனால் ஆசாரிக்கு வலது மணிக்கட்டு போனால் வேலையில் இழப்பு 40 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், 16,12,800 ரூபாய். அதே கை, அதே எலும்பு, அதே எக்ஸ்ரே. ஒரு வழியில் 75,000, இன்னொரு வழியில் 16 லட்சம். நடுவில் இருப்பது சாட்சியம் மட்டும்தான். இதே தொகை வரும் என்று நான் உறுதி சொல்லவில்லை, வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காகச் சொல்கிறேன்.

உடல் ஊனம் வேறு, தொழில் ஊனம் வேறு என்பதை 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழகாகச் சொல்லியிருக்கிறது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம்கூட ஆகலாம், அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து வேலை தொடர்ந்தால் ஒன்றுமே இல்லாமலும் போகலாம் என்று அதிலேயே உதாரணம் இருக்கிறது. தச்சர் என்ற வார்த்தையே அந்தத் தீர்ப்பில் வருகிறது தம்பி, உங்கள் வக்கீலுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் டாக்டர் விஷயத்தில் ஒன்று. சிகிச்சையே கொடுக்காத ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் 45 சதவீதம், 50 சதவீதம் என்று சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன் என்று சொல்கிற ஆட்கள் உண்டு. அந்த மாதிரித் தயார் நிலைச் சர்டிஃபிகேட்டுகளைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அதே ராஜ்குமார் தீர்ப்பில் தீர்ப்பாயங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஜட்ஜுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் உண்மையான காயமும் பொய் மாதிரித் தெரியும். ஆபரேஷன் செய்த டாக்டரைச் சாட்சியாக அழைப்பது, அல்லது தீர்ப்பாயம் மூலமாகவே மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லி மனுப் போடுவது, இதுதான் நேர் வழி. போர்டு என்றால் நம் பக்கம் ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழக்கம். போகும்போது பிடிப்பு எவ்வளவு, மணிக்கட்டு எத்தனை டிகிரி திரும்புகிறது, சுத்தியல் தூக்க முடிகிறதா என்று டாக்டரிடம் அத்தானே வாய் திறந்து சொல்ல வேண்டும். நம் ஆட்கள் டாக்டர் முன்னால் 'இப்ப பரவாயில்ல சார்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள், அது அப்படியே காகிதத்தில் ஏறிவிடும்.

வருமானத்துக்கு ஆசாரியிடம் சம்பளச் சீட்டு இருக்காது, அது தெரிந்ததுதான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா? மரவேலைக்காரர்களும் அதில் வருவார்கள். அட்டையில் தொழில் என்ற இடத்தில் தச்சர் என்று இருக்கும், அது நல்ல ஆவணம். வீட்டுக்காரர்கள் ஜிபேயில் அனுப்பிய பணம் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும், ஒரு வருடத்து ஸ்டேட்மெண்ட் எடுங்கள். கூலி எழுதி வைத்த நோட்டு, செய்த கதவு நிலையை வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ, மரக்கடைப் பில், சீட்டு கட்டிய பாஸ்புக், மகளிர் குழுக் கடனுக்கு உங்கள் அக்கா மாதாமாதம் கட்டிய தவணை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வக்கீலிடம் கொண்டுபோங்கள். எது உதவும் எது உதவாது என்று அவர் பிரிக்கட்டும். காகிதமே இல்லாவிட்டாலும் வருமானம் பூஜ்யம் ஆகிவிடாது. 2008-ல் விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு எந்த வருமானச் சான்றும் இல்லாமலேயே மாதம் 6,500 என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஆனால் சும்மா விட்டால் அவர்கள் போடுகிற தொகை, சாட்சி வைத்தால் நாம் சொல்கிற தொகை.

ஆஸ்பத்திரி, போலீஸ் காகிதங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏ.ஆர். காப்பி. முதல் முதலில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது டூட்டி டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேடு அது. எந்த வண்டி, எங்கே, எத்தனை மணிக்கு என்று அதில் இரண்டு வரி இருக்கும். கூட வந்தவர் பதற்றத்தில் 'பைக்ல இருந்து விழுந்துட்டாரு' என்று சொல்லியிருந்தால் அப்படியே எழுதியிருப்பார்கள், இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் எடுக்கிற முதல் காகிதம் அதுதான். 'தானே விழுந்தவருக்கு பிறகு வேனைக் கண்டுபிடித்துச் சேர்த்திருக்கிறார்கள்' என்று ஆரம்பிப்பார். அதனால் முதலில் அதை வாங்கிப் பாருங்கள். தப்பாக இருந்தால் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள், அன்று கொண்டுபோய்ச் சேர்த்தவரையே சாட்சியாக வைத்து விளக்கலாம். மற்றது எல்லாம் வழக்கமானவை: எஃப்.ஐ.ஆர்., ரஃப் ஸ்கெட்ச், எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட், காயச் சான்றிதழ், சார்ஜ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்பதை வண்டி எண்ணைப் போட்டு பரிவாஹன் செயலியிலேயே பார்த்துவிடலாம். முதல் 48 மணி நேர சிகிச்சை அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசமாக நடந்திருந்தால், அதற்குப் பில் இல்லையே என்று கலங்க வேண்டாம், வலிக்கும் வேதனைக்கும், வேலைக்குப் போகாத மாதங்களுக்கும், கூட இருந்து பார்த்தவருக்கும், போக்குவரத்துக்கும், சத்துணவுக்கும் தனித்தனியே கேட்கலாம்.

லைசென்ஸ் விஷயம். காலாவதியான லைசென்ஸுடன் ஓட்டியது தப்புதான், அதற்கு போலீஸ் அபராதம் போடலாம். ஆனால் தப்பான பக்கம் ஏறி வந்து இடித்தது வேன் என்றால், லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விபத்தில் அத்தானுக்கும் பங்கு உண்டு என்று சொல்ல முடியாது, 2008-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. இந்த இடத்தில்தான் சில பேர் வந்து 'லைசென்ஸ் உள்ள தம்பி ஓட்டினான், அத்தான் பின்னால் உட்கார்ந்திருந்தார் என்று மாத்திருவோம்' என்று யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ஏ.ஆர். காப்பியில் ஒன்று, எஃப்.ஐ.ஆரில் ஒன்று என்று வந்து, நல்ல கேஸ் நாசமாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பொய் விபத்து கேஸ்களை ஹைகோர்ட்டும் விசாரணைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிற காலம் இது. உண்மையைச் சொன்னாலே இந்தக் கேஸ் நிற்கும்.

வேன் டிரைவரிடம் கார் ஓட்டுகிற லைசென்ஸ்தான் இருந்தது என்று கம்பெனி தகராறு செய்யலாம். 7,500 கிலோவுக்குக் கீழே உள்ள சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது, குட்டியானை அதற்குள் அடங்கும். டிரைவரிடம் லைசென்ஸே இல்லை என்றாலும், கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று உத்தரவு வாங்க வழி உண்டு. (இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: கோயில் கொடைக்கும் ஆடி அமாவாசைக்கும் இதே குட்டியானையில் குடும்பத்தோடு பின்னால் ஏறிப் போகிறோம் இல்லையா, சரக்கு வண்டியில் பயணியாகப் போனவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்பது பல வருடமாக நிற்கிற சட்டம். உயிரே போனாலும் வண்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டிவரும். தயவுசெய்து ஏறாதீர்கள்.)

இனி ஃபீஸ். 25 சதவீதம் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். 25 மட்டுமில்லை, 5 சதவீதமும் சரியில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, வருகிற தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கிறது. கணவரை விபத்தில் இழந்த ஒரு பெண்ணிடம் இழப்பீட்டில் 16 சதவீதம் கேட்ட வக்கீல் விஷயத்தில், அப்படிப் பேசிய ஃபீஸ் செல்லாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி கேஸ் பிடிப்பதும் விதிப்படி தடை. நடைமுறையில் ஊரெல்லாம் பர்சென்டேஜ் பேசுகிறார்கள், அதை நான் மறைக்கவில்லை, கையில் காசில்லாத குடும்பம் வேறு என்ன செய்யும் என்ற கேள்வியும் நியாயம்தான். அதற்கு நான் பார்த்த நல்ல வழி, ஒரு தொகையைப் பேசி, மனுப் போடும்போது கொஞ்சம், சாட்சி விசாரணையில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் என்று கட்டம் கட்டமாகக் கொடுப்பது, ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் வாங்கிக்கொள்வது. அப்படி ஒத்துக்கொள்கிற நேர்மையான வக்கீல்கள் பாளையிலும் அம்பையிலும் உண்டு. அதற்கும் வழியில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கேட்கலாம், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

மனு போட்டு சில மாதத்தில் மக்கள் நீதிமன்றத்துக்கு, அதாவது லோக் அதாலத்துக்குக் கூப்பிடுவார்கள். போங்கள், அது நல்ல ஏற்பாடு, வருடக் கணக்கில் அலைவது மிச்சம். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நான் மேலே போட்ட கணக்கை உங்கள் அத்தானின் உண்மையான வருமானத்தை வைத்து ஒரு தாளில் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். கம்பெனி சொல்கிற தொகை அதில் முக்கால் பங்குக்கு மேல் வந்தால் நானாக இருந்தால் யோசிப்பேன், கால் பங்கு என்றால் வணக்கம் சொல்லிவிட்டு சாட்சி விசாரணைக்கே போவேன். பிளேட்டை எடுக்கும் ஆபரேஷன் பாக்கி இருக்கும்போது எந்தச் சமரசத்துக்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம், அந்தச் செலவும் அதற்குப் பிறகு கை எப்படி இருக்கிறது என்பதும் தெரியாமல் என்ன தொகையைப் பேச முடியும்?

எத்தனை நாள் ஆகும் என்றால், சண்டை போட்டு நடத்தினால் இரண்டு மூன்று வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனு போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு, பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள். தொகை போதவில்லை என்றால் 90 நாளுக்குள் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு அப்பீல் போகலாம், கம்பெனியும் போகலாம். பணம் வரும்போது அத்தான் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். 'பணம் எடுக்க வசதிக்காக' என்று சொல்லி வெற்று செக்கில் கையெழுத்து வாங்குவார்கள், பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கேட்பார்கள், யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், குமாஸ்தா கேட்டாலும்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள், வேன் டிரைவர் கிரிமினல் கோர்ட்டில் தப்பை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் நம் கேஸ் முடிந்துபோகுமா என்று. முடியாது, அது நமக்கு நல்லதுதான். அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கித் தீர்ப்பாயத்தில் கொடுங்கள். அவர் விடுதலையாகிவிட்டாலும் பயமில்லை, அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இங்கே நடந்திருக்க வாய்ப்பு எது அதிகம் என்று பார்த்தாலே போதும். நகல் மனுவுக்கு அந்த கேஸ் நம்பர் வேண்டும், திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்போது ரைட்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.